நாலரை இஞ்ச் சுவர்

ஜூன் 3, செவ்வாய்

வீட்டுக்கென்று ஒரு நோட்டுப் போடச் சொன்னார் எங்கள் வீட்டுக்காரர். மோட்டார் எப்போது போட்டோம், குடியிருப்பவர்கள் என்ன கேட்டார்கள், எதை ரிப்பேர் பார்த்தோம் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுத வேண்டும். "நாளைக்கு ஒரு தகராறுன்னு வந்தா வாயில சொன்னது நிக்காது. எழுதுனதுதான் நிக்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வாங்கிப் பார்ப்பாராம்.

முதல் பக்கத்தில் வீட்டு விவரம் எழுதச் சொன்னார். திருப்பூரில், மங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, நாலு சென்ட். முன்வீட்டில் நாங்கள் இருவர்: அவர் மாரப்பன், நான் கருணாம்பிகை. பின்னால் வரிசையாக மூன்று லைன் வீடுகள். நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். என் சம்பளச் சீட்டுக்குத்தான் பாங்கு கடன் கொடுத்தது என்பதால் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. வீட்டுக் காரியங்கள் எல்லாம் அவர்தான்.

முதல் வீட்டில் சுடலைமணி, தூத்துக்குடிப் பக்கம், கட்டிங் மாஸ்டர். மனைவி செல்லக்கனி ஓவர்லாக் டெய்லர். ஐந்து வயதில் மகிழினி என்று ஒரு பெண். இரண்டாவது வீட்டில் ரஹ்மத்தக்கா, தனியாள். மூன்றாவது காலி.

எங்கள் படுக்கையறைச் சுவரும் முதல் வீட்டுச் சுவரும் ஒன்றே. கட்டும்போது செங்கல் மிச்சம் பிடிக்க நாலரை இஞ்ச்சில் எழுப்பச் சொன்னார். ஒன்பது வைத்திருக்கலாம்.

ஜூன் 5, வியாழன்

பாதைக்கு பல்பு மாற்றினோம்.

ஜூன் 8, ஞாயிறு

அவருடைய சிநேகிதர் நாச்சிமுத்து வந்தார். ரிடையர்டு பணத்தில் ஒரு லைன் வீடு வாங்கலாமா என்று யோசனை கேட்டார். நான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டே கேட்டேன்.

"வாடகைக்கு விடறதுக்கு வீடு வாங்கறவன் பெயிண்டைப் பாக்கக் கூடாது, தண்ணியப் பாக்கோணும். தண்ணி இருந்தா தகரக் கொட்டாய்க்கும் ஆளு வரும்" என்றார் அவர். "ஒண்டியாளுகளுக்கு விடாதீங்க. குடும்பமாப் பாத்து விடுங்க. அக்ரிமெண்ட் பதினோரு மாசம், ஆம்பள பேர்ல மட்டும். ஆதார் நகலு, போலீஸ் ஸ்டேசன் பாரம் ரெண்டும் வாங்கி வச்சுக்கோங்க. முக்கியமா ஒண்ணு, அவங்க வீட்டுக்குள்ள என்ன நடந்தாலும் நம்ம காதுல விழுகக் கூடாது. விழுந்தா நாயம் பேசச் சொல்லுவாங்க. நாயம் பேசப் போனா வீடு காலியாயிரும்."

"இந்தச் செவுத்துக்கு எப்பிடிங்க காதுல விழுகாம இருக்கும்?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"அதுக்குத்தான் டி.வி. வாங்கி வச்சிருக்கறனே" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

ஜூன் 14, சனி

சம்பள நாள். மாலை ஆறு மணிக்கு முதல் வீட்டில் சத்தம். ஒரு பாத்திரம் உருண்டது. அப்புறம் பாத்திரம் இல்லாத ஒன்று சுவரில் மோதியது. மூன்று தடவை. எங்கள் பக்கத்துக் காலண்டர் ஆணியோடு விழுந்தது. அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

ஜூன் 15, ஞாயிறு

குழாயடியில் செல்லக்கனியைப் பார்த்தேன். ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது. இமை நாவல்பழ நிறத்தில் இருந்தது. "வழுக்கி விழுந்துட்டேங்க்கா" என்றாள். பார்த்து நடக்கச் சொன்னேன்.

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். நேற்று எழுதியதைக் காட்டி, "இதையெல்லாம் ஏன் எழுதற? நாளைக்கு எவனாவது இந்த நோட்டக் கேட்டா, நமக்குத் தெரிஞ்சிருந்துதுன்னு ஆயிரும்" என்றார். சரியென்றேன்.

தொட்டி கழுவினோம்.

ஜூன் 19, வியாழன்

பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். நெற்றியில் சிறிது வீக்கம். மோட்டார் போடவில்லை.

ஜூன் 21, சனி

ரஹ்மத்தக்கா வந்து, முதல் வீட்டுச் சத்தம் தாங்கவில்லை, இப்படியே போனால் தான் வேறு வீடு பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஜூலை முப்பத்தொன்றோடு சுடலைமணியின் பதினோரு மாதம் முடிகிறதாம். அதற்கப்புறம் குடும்பத்தையே கிளப்பிவிடலாம் என்றார்.

ஜூன் 28, சனி

முதல் வீட்டில் சத்தம். எங்கள் கதவு சாத்தியிருந்தது.

ஜூன் 30, திங்கள்

இன்று கடையில் இதே மாதிரி இன்னொரு நோட்டு வாங்கினேன். இதில் இருந்தவற்றில் அவருக்கு வேண்டியதை மட்டும் அதில் பெயர்த்து எழுதி டி.வி. மேல் வைத்துவிட்டேன். இந்த நோட்டு இனி அரிசி டிரம்முக்குள். அவர் அரிசி டிரம்மைத் திறந்து இருபத்தாறு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

காலையில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். செல்லக்கனி கையை மேலே தூக்க முடியாமல் தூக்கினாள். முதுகில் ஜாக்கெட்டுக்கு மேலே ஒரு முக்கோணத்தின் முனை தெரிந்தது. தோல் உரிந்து ஈரமாக இருந்தது. தேய்ப்புப் பெட்டி. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"வேற வீடு பாத்துக்கிட்டுப் போயிரு கண்ணு. உங்கம்மா வீடு இல்லையா?" என்றேன்.

"தங்கச்சிக்கு மாப்பிள்ள பாக்காவக்கா. நான் போயி உக்காந்தா அவ கதை முடிஞ்சிரும். எனக்கு வேலை இங்க, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இங்க." கிளிப்பை மாட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமல், "நீங்க எதுக்குக்கா போவல?" என்றாள்.

"நான் எங்க போறது? எனக்கென்ன?"

"செவுரு ரெண்டு பக்கமும்தான கேக்கும். போன வாரத்துக்கு முந்துன வியாழக்கெழம உங்க தலை முட்டுனதுல எங்க வீட்டுச் சாமி படம் கீழ விழுந்திச்சு. பிள்ள கேட்டா, பெரியம்மா ஏன் சொவத்துல முட்டுதாவன்னு. ஆணி அடிக்காவன்னு சொன்னேன்."

வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். 

ஆகவே இப்போது உள்ளதை எழுதுகிறேன். சனிக்கிழமை மகிழினி வந்து எங்கள் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "பெரியம்மா, கதவத் தொறங்க. அப்பா அம்மாவச் சுடுதாவ." நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன். அவர் சோபாவிலிருந்தே சொன்னார்: "தொறந்தீன்னா அடுத்தது உனக்கு." சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தத்தை எனக்கு எழுத வரவில்லை. குழந்தை கதவடியில் உட்கார்ந்து அழுதது. கதவின் இந்தப் பக்கம் நான் நின்றேன். திறக்கவில்லை.

அவர் முதலில் அடித்தது கல்யாணமாகிப் பதினெட்டாம் நாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தேன் என்பதற்காக. வலது காது கேட்காமல் போனது பதினைந்து வருடம் முன்பு. குச்சி விட்டுக் குடைந்ததில் சவ்வு கிழிந்ததாக டாக்டரிடம் சொன்னேன். வயிற்றில் தங்கியது இரண்டு முறை நிற்காமல் போனது. ஒன்று தானாக. மற்றது தானாக இல்லை.

இதை எழுதியதும் எதுவும் நடந்துவிடவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "இப்பிடித்தான் எழுதோணும்" என்றார்.

ஜூலை 10, வியாழன்

ரத்தப் பரிசோதனை என்று சொல்லிவிட்டுப் பத்திர எழுத்தர் காளியண்ணனிடம் போனேன். பத்திர நகலைக் கொண்டுபோயிருந்தேன். வாடகை அக்ரிமெண்டைப் பெண் பெயரில் எழுதலாமா, புருஷன் கையெழுத்து வேண்டுமா என்று கேட்டேன்.

"அவங்க பதினெட்டு வயசு தாண்டுனவங்களா?"

"இருபத்தேழுங்க."

"அப்பறம் யாரு கையெழுத்துங்க வேணும்?" என்று கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டுக்காரர் தரப்புல யாரு போடறது?"

"எங்க வீட்டுக்காரருதான் எப்பவும் போடுவாருங்க."

காளியண்ணன் நகலைத் திருப்பிப் பார்த்தார். "இதுல அவரு பேரே இல்லீங்களே அம்மா. இத்தன நாள் அவரு போட்ட கையெழுத்துதான் செல்லாது. உங்க வீடு, நீங்க யாருக்கு வேணா எழுதிக் குடுக்கலாம். ஒருத்தர் பேர்ல எழுதியாச்சுன்னா அவங்கதான் குடியிருக்கறவங்க. கூட இருக்கறவரு அவங்க இருக்கச் சொன்னா இருக்கலாம்."

"போகச் சொன்னா?"

"போகோணும்." பிறகு தாழ்ந்த குரலில், "சொன்னதும் போயிருவாங்கன்னு நான் சொல்லலீங்க. சும்மா போக மாட்டாங்க. முன்னாடியே ஸ்டேசன்ல ஒரு மனுக் குடுத்து வையுங்க" என்றார்.

தெருவில் இறங்கியபோது கரும்புச் சாறு வாங்கிக் குடித்தேன். முழு டம்ளர்.

ஜூலை 12, சனி

அவர் வீட்டில் இல்லை. ஆறு மணிக்குச் சுவரில் அடி விழுந்தது. நான் உலக்கையை எடுத்து எங்கள் பக்கத்திலிருந்து ஓங்கி இடித்தேன். சாந்து பெயர்ந்து விழுந்தது. அந்தப் பக்கம் நின்றுவிட்டது. சுடலைமணி பெல்ட்டும் கையுமாக வெளியே வந்து, "எவ அது தட்டுனது?" என்று கேட்டான். ரஹ்மத்தக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் ஜன்னலைத் திறந்து, "நாந்தான். ஆணி அடிச்சேன்" என்றேன்.

இன்றைக்கு அதோடு போயிற்று.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. இந்த மாதத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள். மூன்றாவது வீட்டுக்கு ஆளே வரவில்லை. சுடலைமணி குடும்பத்தை ஆவணி பிறந்ததும் கிளப்பிவிட முடிவு செய்துவிட்டார். "அந்தப் பொண்ணு எங்கீங்க போகும்?" என்று கேட்டேன். கேட்டதற்குப் பதில் என் கழுத்தில் நாலு விரலாக இருக்கிறது. கழுத்து மூடின ஜாக்கெட் இரண்டுதான் இருக்கிறது. மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

பகல் ஷிப்டு முடித்து வந்த செல்லக்கனியை ரஹ்மத்தக்கா வீட்டில் உட்காரவைத்துப் பேசினேன். உன் பெயரில் எழுதுகிறேன், அவனை வெளியே நிறுத்தலாம் என்றேன். 

"வெளிய நிறுத்துனா என்னக் கொன்னுருவாவக்கா."

"உள்ள வச்சிருந்தா?"

"உள்ள இருந்தா மெதுவாக் கொல்லுவாவ" என்றாள். பிறகு, "எழுதுங்க" என்றாள்.

ரஹ்மத்தக்கா, "கருணா, இது வாடகை விசயமில்ல. ரத்தம் வரும்" என்றார்.

"இப்ப வரலீங்களா அக்கா?" என்றேன்.

ஜூலை 31, வியாழன்

காளியண்ணன் ஆபீசில் கையெழுத்துப் போட்டோம். ரஹ்மத்தக்கா சாட்சி. மகளிர் காவல் நிலையத்தில் மனுவும் கொடுத்தோம். மனுவில் செல்லக்கனியின் முதுகைப் பற்றி எழுதினோம். என் கழுத்தைப் பற்றி எழுதவில்லை. எஸ்.ஐ. அம்மா என் ஜாக்கெட்டையே பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சுடலைமணி வேலைக்குப் போனதும் பூட்டு மாற்றினோம். அவன் துணிமணிகளை இரண்டு பனியன் மூட்டைச் சாக்கில் கட்டி கேட்டுக்கு வெளியே வைத்தோம். வெள்ளிக்கிழமை நைட் ஷிப்டும் சேர்த்துப் பார்ப்பான், நாளைதான் வருவான். எங்கள் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவோடு பல்லடத்தில் வீடு பார்க்கப் போயிருக்கிறார். அவரும் நாளைதான்.

இரண்டு பேரும் ஒரே நாளில் வருகிறார்கள் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பெரியாஸ்பத்திரி. இடது கையில் மாவுக்கட்டு. வலது கை நன்றாக இருக்கிறது. அதனால் எழுத முடிகிறது. அரிசி டிரம்முக்குள் இருந்த நோட்டை ரஹ்மத்தக்காவைக் கொண்டுவரச் சொன்னேன்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சுடலைமணி வந்தான். குடித்திருந்தான். சாக்கைக் காலால் உதைத்தான். கேட்டைப் பிடித்து உலுக்கினான். நான் உள்ளே நின்று, "இந்த வீட்டுல வாடகைக்கு இருக்கறது செல்லக்கனிங்க. நீங்க இல்ல. அது வரச் சொல்லல" என்று சொன்னேன். ராத்திரி முழுவதும் மனப்பாடம் செய்த வாக்கியம். குரல் நடுங்காமல் வந்தது.

அவன் கேட்டின் மேலேறிக் குதித்தான். கேட்டுக்குப் போடும் இரும்புக் கம்பி சுவரில் சாய்த்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு முதல் வீட்டுக் கதவை இடித்தான். பலகை பிளந்தது. உள்ளே கை விட்டுத் தாழ்ப்பாளை எடுத்து, செல்லக்கனியை முடியோடு பிடித்து வெளியே இழுத்தான். துணி துவைக்கிற கல்லில் அவள் முகத்தை மோதினான். பல் உடைந்த சத்தம் கேட்டது. மறுபடி தூக்கினான். நான் நடுவில் போனேன். கம்பி என் தலைக்கு வந்தது. இடது கையைத் தூக்கினேன். முழங்கைக்குக் கீழே கை வேறு திசையில் மடங்கித் தொங்கியது. வலி உடனே தெரியவில்லை. கை என்னுடையதாகவே தெரியவில்லை.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் வந்தார். தன் சாவியால் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவர், கம்பியோடு நின்றவனைப் பார்த்தார், கல்லடியில் கிடந்தவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்து, "ஏனுங்க" என்று கூப்பிட்டேன். இருபத்தாறு வருடத்தில் எனக்கு உதவி என்று அவரை அழைத்தது அந்த ஒரு தடவைதான்.

சுடலைமணி, "ஓனரே, உங்க பொம்பளை எம்பொண்டாட்டி பேர்ல வீட்ட எழுதிருக்கா, தெரியுமா?" என்றான்.

அவர் நேராக என்னிடம் வந்தார். "யாரைக் கேட்டு எழுதுன?" என்றார். உடைந்த கையைப் பிடித்து முறுக்கினார். நான் கத்தினேன். தெருவே கேட்கும்படி இதுவரை கத்தியதில்லை. என் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினார். இந்த முறை வெளிப்பக்கச் சுவர், எல்லோரும் பார்க்க. "யாரைக் கேட்டு? யாரைக் கேட்டு?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மோதல். சுடலைமணி கம்பியைக் கீழே விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். அவனுக்கு அது வேறொருவர் வீட்டு விஷயம்.

மோட்டார் மாற்றியபோது மிஞ்சிய இரும்புக் குழாய் ஒன்று தொட்டியடியில் கிடந்தது. செல்லக்கனி எழுந்து அதை எடுத்தாள். வாயெல்லாம் ரத்தம். அவள் தன் புருஷனிடம் போகவில்லை. எங்களிடம் வந்து, என்னைப் பிடித்திருந்தவரின் முழங்காலில் அடித்தாள். அவர் விழுந்தார்.

அப்புறம் ஆட்கள் வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் சுடலைமணியைப் பிடித்து கேட்டோடு கட்டினார்கள். போலீஸ் வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது.

நடந்தது இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 6, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். மகிழினி என்னோடு இருக்கிறாள்.

சுடலைமணியை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். செல்லக்கனியையும். எங்கள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே, குடியிருக்க வந்தவள் குழாயால் இரண்டு முறை அடித்துக் காலை உடைத்தாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். முட்டியில் ஒரு முறிவு, முழங்காலுக்குக் கீழே எலும்பில் இன்னொன்று. போலீஸ் கேட்டபோது செல்லக்கனி, "ஆமா, நாந்தான் அடிச்சேன்" என்றாளாம். எத்தனை அடி என்றதற்கு, "எண்ணல" என்றாளாம். அவளைக் கோயம்புத்தூர் ஜெயிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

செல்லக்கனி கேஸை எடுத்திருக்கும் வக்கீல் அம்மா வந்து பேசினார். பெயர் தாமரைக்கண்ணி, சின்ன வயது. "முதல் அடிக்கு நான் பதில் சொல்லிடுவேன். உங்க உயிரைக் காப்பாத்த அடிச்சது. ரெண்டாவதுதான் சிக்கல். எக்ஸ்ரேயப் பாத்தா, அந்த அடி அவர் கீழ கிடக்கறப்ப மேல இருந்து விழுந்திருக்கு. விழுந்தவர ஏன் அடிச்சீங்கன்னு கேட்டா அந்தப் பொண்ணு என்ன சொல்லும்?" என்றார். "நீங்க பக்கத்துல இருந்தீங்களே. பாத்தீங்களா?"

மயக்கமாக இருந்தது என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

குழந்தைக்குத் தலை வாரிவிட ஒரு கை போதவில்லை. ரஹ்மத்தக்கா வந்து பின்னிவிட்டார். பிறகு என் எதிரில் உட்கார்ந்து காய் நறுக்கினார். அன்றைக்கு ரஹ்மத்தக்காவும் வாசலில்தான் நின்றிருந்தார். போலீசிடம், தான் உள்ளே போன் செய்யப் போயிருந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, நீங்க போன் பண்ணப் போனது எப்ப?" என்று கேட்டேன்.

"நீ எப்பன்னு சொல்றியோ அப்ப" என்றார். கத்தரிக்காயை விட்டு நிமிரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அவருடைய அண்ணன் தாராபுரத்திலிருந்து வந்தார். மூத்தவர், மரியாதையாகப் பேசுகிறவர். தண்ணீர் வாங்கிக் குடித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மிணி, தம்பிய அடுத்த வாரம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தர்றோம். அந்த அக்ரிமெண்டக் கேன்சல் பண்ணிரு. சாமானத்த எடுத்து வெளிய வச்சிரு. வீட்டையும் அவன் பேருக்கு ஒரு செட்டில்மெண்டு எழுதி வச்சிரு. பழசெல்லாம் விட்டுருவோம்."

"செல்லக்கனி கேசு?"

"அது அந்தப் புள்ள தலையெழுத்து." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாவது அடி ஆரு அடிச்சதுன்னு தம்பிக்குத் தெரியும். கண்ணு முழிச்சுத்தான கெடந்தான். குடும்ப மானம்னு அவ மேல சொல்லியிருக்கறான். நீ சொன்னபடி கேட்டா அதே சொல்லுல நிப்பான். இல்லைன்னா மாத்திச் சொல்லுவான். யோசிச்சுக்க."

அவர் போன பிறகு மகிழினி கேட்டாள்: "பெரியம்மா, அம்மா எத்தன நாள் லீவு?"

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பியது. சாதம், ரசம் வைத்தேன். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன். சாவிக் கொத்தை ரஹ்மத்தக்காவிடம் கொடுத்து, சாயங்காலம் குழந்தையைக் கூட்டி வரச் சொல்லி, மூன்றாவது வீட்டுக்கு ஆள் வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று சொன்னேன். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும் எழுத வேண்டும். அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசிப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் வாங்க வேண்டும். சத்தம் கேட்காமலிருக்க நடுச்சுவரை ஒட்டி இன்னொரு வரிசைச் செங்கல் கட்டச் சொல்லி அவர் மேஸ்திரியிடம் சொல்லியிருந்ததை வேண்டாமென்று சொல்லிவிடச் சொன்னேன். இரண்டு பக்கமும் கேட்கட்டும்.

"நீ எப்ப வருவ?" என்றார்.

"தெரியலீங்கக்கா."

வக்கீல் அம்மாவோடு மகளிர் காவல் நிலையம் போனேன். எஸ்.ஐ. அம்மா நாற்காலி போடச் சொன்னார். இந்த முறை கழுத்து மூடாத ஜாக்கெட் போட்டிருந்தேன். நடந்ததை முழுவதும் சொன்னேன்.

செல்லக்கனி ஒரே ஒரு அடிதான் அடித்தாள். அவர் மல்லாந்து விழுந்ததும் அவள் குழாயைக் கீழே போட்டுவிட்டு என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொள்ள வந்தாள். நான் அவளைத் தள்ளிவிட்டு எழுந்தேன். குனிந்து குழாயை எடுத்தேன். கனமாக இருந்தது, ஒரு கையால் தூக்கச் சிரமப்பட்டேன். அவர் என்னைப் பார்த்தார். "கருணா" என்றார். வீட்டில் என்னைப் பெயர் சொல்லி அழைத்து எத்தனையோ வருடமாகியிருந்தது. நான் தோள் உயரத்துக்குத் தூக்கி, உடையாத இடமாகப் பார்த்து அடித்தேன். எலும்பு முறிந்தது கையில் தெரிந்தது. மூன்றாவதும் அடித்திருப்பேன். ரஹ்மத்தக்கா ஓடி வந்து குழாயைப் பிடுங்கினார்.

எஸ்.ஐ. அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அவர்தான் கீழ விழுந்துட்டாரே. அப்புறம் ஏன் அடிச்சீங்க?"

வக்கீல் அம்மா என் தோளில் கை வைத்தார். பதில் சொல்ல வேண்டாம் என்று அர்த்தம்.

"விழுந்ததாலதாங்க அடிச்சேன்" என்றேன். "நின்னுட்டிருந்தா என்னால அடிச்சிருக்க முடியாதுங்க."

 எஸ்.ஐ. அம்மா நான் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினார், வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

என்னை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வண்டி வர இன்னும் அரை மணி ஆகுமாம். செல்லக்கனிக்கு நாளை ஜாமீன் கேட்கப்போவதாக வக்கீல் அம்மா சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே நல்ல வெயில். எனக்குப் பசிக்கிறது.